ரியர் என்றால் பின்னால்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பஸ், ஆபீஸ், பேப்பர், டாக்டர். இந்த நாலும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஐந்தாவது ரியர். அந்த ஒரு வார்த்தையால் நான் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். என் கொழுந்தன் என்னிடம் அடி வாங்காமல் தப்பியதற்கு அவன் தோளில் கிடந்த ஒரு கன்றுக்குட்டியைத் தவிர வேறு காரணம் இல்லை.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. பிள்ளையை வளர்க்கிறோம், ஆட்டை வளர்க்கிறோம், முருங்கையை வளர்க்கிறோம். ஆம்பிளைகள் மீசையை வளர்க்கிறார்கள். வேலை இல்லாதவர்கள் பேச்சை வளர்க்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு பங்காளிகள் ஒரு முள்வேலியை வைத்துக்கொண்டு இருபது வருஷம் சண்டை வளர்த்தார்கள். அதற்குப் போட்ட தீனியை மாட்டுக்குப் போட்டிருந்தால் மாடு தேறியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. சொல்கிறவனுக்கும் குழப்பமில்லை, கேட்கிறவனுக்கும் குழப்பமில்லை. வெள்ளைக்காரன் மட்டும் ஏன் வளர்ப்புக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே வார்த்தையை வைத்தான்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கிச் சொன்னதுமில்லை.

இது சமஸ்தான காலத்தில் நடந்தது. பெரிய யுத்தம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. கீரனூருக்கு நடந்து போக எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். நான் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தபோது மாமியார் இல்லை. இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமியாருக்குப் பதிலாக ஐந்து வயதில், மூக்கு ஒழுகிக்கொண்டு, அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய ஒரு கொழுந்தன் இருந்தான். எனக்குப் பதினாலு வயது. அவனைக் குளிப்பாட்டினேன், பேன் பார்த்தேன், சொறிக்கு வேப்பெண்ணெய் தடவினேன், திருடித் தின்றபோது முதுகில் நாலு வைத்தேன். நான் சொல்ல வருகிற சமயத்தில் அவனுக்கு இருபது வயது. பனைமரம் மாதிரி வளர்ந்து, வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான்.

எங்கள் பசு ஒரு காளைக்கன்றை ஈன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் மூன்று நாளைக்கு மேல் பாடுபட வேண்டிய எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "இது நிக்காது. யாருக்காவது தூக்கிக் குடுத்துரு" என்றார். நான் கொடுக்கவில்லை. ஆட்டுப்பால் ஊட்டினேன். கஞ்சித்தண்ணி ஊட்டினேன். வயிறு ஊதினால் ஓமத்தண்ணி. மழையில் நனையாமல் அடுப்படியில் கட்டினேன். உண்ணி பிடுங்கினேன். மூன்று வருஷம். அது வளர்ந்து திமிலும் தாடையுமாக, ஊரார் நின்று பார்த்துவிட்டுப் போகிற காளையாக ஆனது. ஒரே குறை, சோம்பேறி. முன்னால் எத்தனை பேர் இழுத்தாலும் நகராது. பின்னால் நின்று வாலை முறுக்கினால்தான் ஒரு எட்டு வைக்கும். அந்த வேலைக்கு என் கொழுந்தன். அந்தக் காளைக்கு அவன் செய்தது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கீரனூர் ரோட்டோரப் பொட்டலில் மாட்டுக் காட்சி வைத்தார்கள். நல்ல மாட்டுக்குப் பரிசு என்றும், அதில் ஜெயிக்கிறவர்களுக்குப் பேர் எழுதி முத்திரை வைத்த பேப்பர் தருவார்கள் என்றும் தண்டோரா போட்டார்கள். எனக்கு அந்தப் பேப்பர் வேண்டும் என்று இருந்தது. என் பேர் அதுவரை எந்தப் பேப்பரிலும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட என் அப்பா பேர்தான் பெரிதாக இருந்தது. என்னை 'குமாரத்தி' என்று முடித்துவிட்டார்கள். ஆசைப்பட்டேன். அதில் என்ன தப்பு?

காளையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கூட்டிப் போனோம். வீட்டுக்காரர் முன்னால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டான். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நடந்தேன்.

பந்தலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். முன்னால் அச்சடித்த அட்டைகள். முழுவதும் இங்கிலீஷ். பக்கத்தில் நூலால் கட்டிய ஒரு தடித்த அகராதி. அட்டையில் இருப்பதைப் படிப்பார், அகராதியைப் புரட்டுவார், எங்களைத் தமிழில் கேட்பார், எழுதுவார். வியர்த்து ஊற்றியது அவருக்கு. எங்களுக்கு முன்னால் ஐம்பது மாடு போயிருந்தது.

"சொந்தக்காரர் பேரு?"

என் வீட்டுக்காரர் சொன்னார். எழுதினார்.

"அடுத்தது, பிரெட் பை." அட்டையை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, மாட்டுக்கு ரொட்டி குடுக்குறீங்களா?"

"என்னாங்க கேட்டீங்க?"

"ரொட்டிம்மா, ரொட்டி. பிரெட்னா ரொட்டி. எழுத்து ஒண்ணு கொறையுது, அச்சடிச்சவன் விட்டுட்டான். குடுக்குறீங்களா இல்லையா?"

"காச்சல்ல கெடக்குற மனுசனுக்கே ரொட்டி கெடைக்கல. மாட்டுக்கா குடுப்பாக?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்லைங்க."

"ரொட்டி இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எத்தனை மாட்டுக்காரர்களிடம் இதைக் கேட்டாரோ! எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர், பரிசு போய்விடக் கூடாது என்று, "தெனம் ரெண்டு ரொட்டி குடுக்குறோம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனதை நானே கேட்டேன்.

"அடுத்தது, ரியர்ட் பை." அகராதியைப் புரட்டினார். விரலை வைத்து, "ரியர்... பின்புறம், பின்பகுதி, சேனையின் பின்னணி" என்று படித்தார். போதும் என்று பட்டென்று மூடினார். "மாட்டுக்குப் பின்னாடி யாரு?"

இங்கேதான் நான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"பின்னாடியா? எங்க கொழுந்தந்தான். இவன் வால முறுக்கலைன்னா இது எடத்த விட்டு அசையாது."

"பேரு?"

சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன். அவர் எழுதினார். மை காய ஊதினார். அட்டையைக் காளையின் கழுத்தில் கட்டினார்.

மத்தியானம் பரிசு மாட்டைத் தேர்ந்தெடுக்க வெள்ளைக்காரத் துரை வந்தார். காய்ந்த மிளகாய் மாதிரி சிவப்பாக, ஒல்லியாக இருந்தார். ஒவ்வொரு மாட்டையும் தடவினார், பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். எங்கள் காளையிடம் வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு சுற்று சுற்றினார். குமாஸ்தா மூலமாக, இதன் தாய் எங்கே என்று கேட்டார். மூன்றாம் நாளே செத்துப்போனது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். அட்டையைத் தூக்கிப் படித்தார். இங்கிலீஷில் நீளமாக ஏதோ பேசினார்.

குமாஸ்தா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "தொரை என்ன சொல்றார்னா, முன்னாடி நிக்கிறது பெரிய காரியமில்லை. பின்னாடி நிக்கிறதுதான் பெரிசு. பின்னாடி நின்ன இந்த ஆள் இல்லைன்னா இந்த மாடே இல்லை!"

கூட்டம் கைதட்டியது. வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். "நெசந்தான். வால் பிடிக்கத் தெரியணும்" என்று ஒரு கிழவர் பாராட்டினார். நானும் கைதட்டினேன். என் மடத்தனத்துக்கு அளவே இல்லை.

துரை கொழுந்தனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். துரைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போலிருக்கிறது. நேராகவே கேட்டார்: "நீ... மாட்டுக்கு... என்ன குடுத்தே?"

கொழுந்தன் விழித்தான். "நானா? நான் ரெண்டு முறுக்குத்தான் குடுப்பேன் தொரை. அதுக்கே ஓடும்."

"முறுக்கு?"

"ஆமா தொரை. காலையில ஒரு முறுக்கு, சாயங்காலம் ஒரு முறுக்கு. ரொம்பக் குடுத்தா வாலு போயிரும்."

துரை முறுக்கு தின்றிருக்கிறார். முகம் மலர்ந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். குமாஸ்தா அதைப் பார்த்துத் தானும் பரிசுப் பேப்பரில் எழுதினார். பிறகு துரை ஒரு மாலையைக் கொழுந்தன் கழுத்தில் போட்டுச் சொன்னார்: "நல்ல வளர்ப்பு. தாய் மாதிரி... வளர்த்தாய்."

என் கை தட்டுவது நின்றது. வளர்ப்பா? யார் வளர்ப்பு? யார் தாய் மாதிரி?

அடுத்து ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்தார்கள். கிடேரி. பிறந்து பத்து நாள் இருக்கும்; செவலை, நெற்றியில் வெள்ளை. சமஸ்தானத்துப் பண்ணையில் தாய் செத்துப்போன கன்று. "இதுவும்... அம்மா இல்லை. நீ வளர்" என்று கயிற்றைக் கொழுந்தன் கையில் கொடுத்தார் துரை.

குமாஸ்தா விடாமல் கத்தினார்: "இதுக்குப் பின்னாடியும் இவரையே நிக்கச் சொல்றார் தொரை!"

கொழுந்தன் கழுத்தில் மாலையோடு, ஒரு கையில் கன்று, ஒரு கையில் பேப்பரோடு நின்றான். என்னைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். பேப்பர் போனது ஒரு பக்கம். நான் மூக்குச் சிந்திவிட்ட பயல், நான் இங்கே நிற்கும்போது, வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேரே குமாஸ்தாவிடம் போனேன்.

"ஏங்க, தொரை வளர்ப்புன்னாரே. நீங்க பின்னாடின்னீங்க. எது சரி?"

"ரியர்னா பின்னாடிதாம்மா. அகராதியில இருக்கு. தொரைக்குத் தமிழ் பத்தாது. பின்னாடின்னு சொல்ல வந்தவர் வளர்ப்புன்னு சொல்லிட்டார், பாவம்."

"தாய் மாதிரின்னாரே. எந்தத் தாயி வாலப் பிடிச்சு நிக்கிறா?"

"போம்மா, போம்மா. அடுத்த ஆளு நிக்குது."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு. வெளியாளுக்கா போச்சு? நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு."

"நானும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் வீடு வரும்வரை நான் பேசவில்லை. நான் பேசாமலிருந்தால்தான் அவர்கள் பயப்படுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கன்றைக் கொழுந்தன் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மதினி, பசிக்குது போல இருக்கு."

"பசிக்கட்டும்."

"பால்..."

"அடுப்படியில இருக்கு. ஊட்டு. பின்னாடி நின்னு ஊட்டு."

"மதினி!"

"மாலை யாரு கழுத்துல விழுந்துச்சோ அவன் வளக்கட்டும். நான் தொட மாட்டேன்."

சொன்னேன், தொடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அவன் வாளியில் பாலை ஊற்றிக் கன்றின் முன்னால் வைத்தான். பத்து நாள் கன்றுக்கு வாளி என்றால் என்ன தெரியும்? மேலே பார்த்துக் கத்தியது. தலையைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினான். தும்மியது. பால் முழுவதும் அவன் முகத்தில். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் கொட்டத்தில் ஊற்றி வாயில் சாய்த்தான். பாதி மூக்கு வழியாக வந்தது. அவன் உட்கார்ந்தால் முட்டியது. எழுந்தால் வேட்டியைச் சப்பியது. "வால முறுக்கிப் பாருடா" என்று சொல்லிக்கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "ஒனக்கு நெஞ்சே இல்லையா?"

"இருக்கு. பேப்பர்லதான் இல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் குளத்துக்குப் போன சமயம் பார்த்து இரண்டு தடவை கொஞ்சம் பால் கொடுத்தேன். சாகவிடுகிற ஆள் இல்லை நான். ஆனால் வயிறு நிறையக் கொடுக்கவில்லை. நிறைந்தால் அது கத்தாது. அது கத்தினால்தான் அவனுக்கு உறைக்கும். மூன்றாம் நாள் காலையில் அதன் கத்தல் இறங்கிவிட்டது. காது இரண்டும் தொங்கிவிட்டன. கொழுந்தன் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மதினி, செத்துருமா?"

நான் கடலைச் சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "தூக்குடா அத."

"உள்ளுக்கா?"

"கீரனூருக்கு. பேப்பர எடுத்துக்க."

கன்றைத் தோளில் போட்டு, நாலு காலையும் மார்பில் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் பின்னால் நடந்தேன். வழியில் வண்டிக்காரர் ஒருவர், "என்னாப்பா, மாட்டு மேல மனுசன் போவான். ஒன் மேல மாடு போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாதித் தூரம் வந்ததும் நான்தான் கேட்டேன்.

"தொரை வளர்ப்புன்னு சொன்னப்ப ஒனக்கு வெளங்குச்சா, இல்லையா?"

கன்றை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஒன்னையத்தான்டா."

"வெளங்குச்சு மதினி."

"பெறகு ஏன் வாயத் தெறக்கல?"

"மாலையப் போட்டுட்டாக. மாலையக் கழுத்துல வச்சுக்கிட்டு இல்லைன்னு எப்புடிச் சொல்றது?" கொஞ்சதூரம் நடந்து, "இதுக்கு முன்னாடி யாரும் எனக்கு மாலை போட்டதில்ல" என்றான்.

அடிக்கலாம் என்று ஓங்கின கையை இறக்கிவிட்டேன். தோளில் கன்று இருந்தது, தட்டிவிடும்.

காட்சிக்காக வாடகைக்குப் பிடித்த ஒரு வீட்டில்தான் அவர்கள் ஆபீஸ். குமாஸ்தா காப்பி போட உட்கார்ந்திருந்தார். கரி அடுப்பு, பக்கத்தில் ஒரு சொம்பு பால். எங்களைக் கண்டதும், "மாட்டை உள்ளே கொண்டுவராதே!" என்று எழுந்தார். கொழுந்தன் உள்ளே வந்து இறக்கிவிட்டான்.

"அந்த அகராதிய எடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"ரியர்னா என்னான்னு முழுசாப் படிங்க. அன்னைக்குப் பாதியில மூடுனீங்க. நான் பாத்தேன்."

முனகிக்கொண்டே நூலை அவிழ்த்தார். புரட்டினார். "பின்புறம், பின்பகுதி, சேனையின் பின்னணி..." விரல் கீழே இறங்கியது. நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாப் படிங்க."

"வளர்த்தல்" என்றார். "பேணுதல். குஞ்சு, கன்று முதலியவற்றைப் பேணி வளர்த்தல்." அகராதியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்தால் மாறிவிடும் என்பதுபோல. "அடக் கடவுளே. அப்ப அந்த நூத்தியெட்டு அட்டை?"

நூற்றெட்டு மாட்டுக்கும் வால் பிடித்தவர்கள் பேர்தான் ஏறியிருந்தது. ஒரு எருமைக்கு, அதன் பின்னால் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற சோடாக்காரன் பேர் ஏறியிருந்ததாம். அதை அவரே பிறகு சொன்னார். பிரெட் என்பதும் ரொட்டி இல்லையாம், கன்று யார் வீட்டில் பிறந்தது என்ற கேள்வியாம்.

கொழுந்தன் குனிந்து அகராதியைப் பார்த்தான். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. "ஏங்க, என்னையும் இவுகதான் வளத்தாக. அதுக்கும் ரியர்தானா?"

"மனுஷனுக்கு அப்படிச் சொல்றதைவிட பிரிங் அப்னு சொல்றது நல்லது. பிரிங்னா கொண்டு வா. அப்னா மேலே. மேலே கொண்டுவர்றது."

நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். தலை உத்தரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. "இவன மேல கொண்டாந்தது போதும். இனிமே கூரையத்தான் பிரிக்கணும்."

"மாட்டுக்கு ஒரு வார்த்த, மனுசனுக்கு ஒரு வார்த்தையா?" என்று கொழுந்தன் விடாமல் கேட்டான். "ரெண்டு பேருக்கும் ஒரே கஞ்சித்தண்ணிதானங்க ஊத்துனாக?"

"வார்த்தை கெடக்கட்டும். பேப்பர்ல இவன் பேர அடிச்சுட்டு எம்பேர எழுதுங்க" என்றேன்.

குமாஸ்தா நாற்காலியில் சாய்ந்தார். ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "அது முடியாது. முத்திரை வச்சாச்சு. தொரை கையெழுத்துப் போட்டாச்சு. அவர் மலைக்குப் போயிட்டார். வர ஒரு மாசம் ஆகும். வந்தப்புறம் மனு எழுதிக் குடு, பாக்கலாம்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்."

"சரிங்க. தொரை இந்தப் பேப்பர்ல பேரு உள்ளவன்தான் கன்னுக்குட்டிய வளக்கணும்னு குடுத்தாரு. இவனுக்கு வளக்கத் தெரியல. எனக்குப் பேரு இல்ல. அதனால தொரை வர்ற வரைக்கும் கன்னுக்குட்டி ஆபீசுல இருக்கட்டும். நீங்க ரியர் பண்ணுங்க." கயிற்றை அவர் மேஜைக் காலில் கட்டினேன். "வாடா போவோம்."

கொழுந்தன் அசையவில்லை. அவனுக்குக் கன்றை விட்டு வர மனமில்லை. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

பத்து எட்டு வைத்திருக்க மாட்டோம். உள்ளே கூச்சல். கன்று காகிதக் கட்டு ஒன்றைச் சப்பத் தொடங்கியிருந்தது. அவர் பிடுங்கியதும் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டது. பசித்த கன்று மடியைத் தேடி முட்டும். அவரை மடியாக நினைத்து முட்டியது. அவர் பின்வாங்கினார், நாற்காலி விழுந்தது, கன்று மறுபடி முட்டியது.

"அம்மா! ஏம்மா! இங்கே வாம்மா! கடிக்குது!"

"அதுக்கு மேல்பல்லே இல்லைங்க. எப்புடிக் கடிக்கும்?" என்று வாசலில் நின்றுகொண்டே சொன்னேன்.

"வந்து என்னான்னு பாரும்மா, புண்ணியமாப் போகும்!"

உள்ளே போனேன். அவருடைய காப்பிப் பாலில் வெதுவெதுப்பாக வெந்நீர் கலந்து ஒரு சட்டியில் ஊற்றினேன். இரண்டு விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் கொடுத்தேன். காம்பு என்று நினைத்துச் சப்பியது. சப்பச் சப்பக் கையை மெல்லக் கீழே இறக்கிப் பாலுக்குள் கொண்டுபோனேன். விரலோடு பாலும் உள்ளே போனது. பிறகு விரலை உருவிக்கொண்டேன்; அது தானாகக் குடித்தது. அவ்வளவுதான் வித்தை. சட்டி காலியாகும்வரை அதன் வால் விடாமல் ஆடியது.

குமாஸ்தா மடியில் அகராதியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கன்று நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேனாவை எடுத்தார்.

"பேப்பரைக் குடு" என்றார்.

கொழுந்தன் பேரை அடித்தார். பயத்தில் அழுத்தி அடித்ததில் நிப்பு பேப்பரைக் கிழித்து ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் என் பேரைக் கேட்டு எழுதினார். இங்கிலீஷில் வேண்டாம், தமிழில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் படிக்க வேண்டுமே. முத்திரையை எடுத்து இன்னொரு தடவை குத்தினார்.

"தீனின்னு ஒரு எடம் இருக்கு. அதுல முறுக்குன்னு எழுதியிருக்கேனே, அதை என்ன செய்ய?" என்றார்.

"அது இருக்கட்டுங்க. தொரை மனசு நோகக் கூடாது."

திரும்பி வரும்போது கொழுந்தன் என்னைவிட வேகமாக நடந்தான். பால் குடித்த கன்று தோளில் தூங்கியது. வீட்டில் இறக்கிவிட்டதும், "இந்தாங்க மதினி" என்று கயிற்றை நீட்டினான். நான் வாங்கவில்லை.

"பேப்பர் காளைக்கு. அது எம்பேருக்கு வந்துருச்சு. கன்னுக்குட்டிய அவரு ஒங்கையிலதான குடுத்தாரு? கையக் கழுவிட்டு வா. நகத்த வெட்டு."

"எதுக்கு?"

"விரலக் குடுக்கணும்ல. நகம் அது வாயக் கிழிச்சிராதா?"

முதல் இரண்டு நாள் அலறினான். விரல் வெந்துபோகிறது என்றான், கூச்சமாக இருக்கிறது என்றான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று அவனே வந்து கேட்டான். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மழை வந்தபோது தன் படுக்கையைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, அது கிடந்த இடத்தில் கன்றைக் கட்டியிருந்தான். ஓமத்தண்ணி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமலே எடுக்கத் தொடங்கினான். பிறகு என்னையே திட்டவும் தொடங்கினான்: "மதினி, கஞ்சி சூடா இருக்கு. இதக் குடுத்தா வயித்தால போகும். கொஞ்சமாவது தெரியுதா ஒங்களுக்கு?"

எனக்கா? மூன்று வருஷம் காளை வளர்த்த எனக்கா?

ஒரு மாதம் கழித்துக் குமாஸ்தா வந்தார். பண்ணைக் கன்று எப்படி இருக்கிறது என்று பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்துவரத் துரை உத்தரவாம். அகராதிக்குப் புது நூல் கட்டியிருந்தார். நல்ல மனுஷர், குடிக்க மோர் கொடுத்தேன்.

"ரியர்ட் பை" என்று தைரியமாகப் படித்தார். "அதாவது, வளர்த்தவர். இந்தத் தடவை தப்பே இல்லை. உங்க பேர்தானேம்மா?" என் பேரின் முதல் எழுத்தைப் போட்டேவிட்டார்.

"இல்லைங்க. கொழுந்தன் பேரு."

பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நெசமாத்தான் சொல்றேன். இத அவந்தான் வளத்தான். ஒங்க ஆபீசுல இருந்து வந்த பெறகு நான் ஒருநாளும் தொடல. வேணும்னா போயிப் பாருங்க."

அவர் என்னை நம்பவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் நின்றார். திரும்பி வந்து, போட்ட எழுத்தை அடித்துவிட்டு, கொழுந்தன் பேரை எழுதி, முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை ஓட்டை விழவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு நானே கொட்டகைக்குப் போனேன். கொழுந்தன் குனிந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாகக் கன்றுக்குக் கழிச்சல். அது போட்ட சாணியை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான்.

"இந்தாடா, ஒம்பேரு. அட்டையில, முத்திரையோட."

"அங்கிட்டு வைங்க மதினி" என்றான், நிமிராமல். "இங்க வந்து இதப் பாருங்க. நேத்தைக்கு இன்னைக்கு எம்புட்டு எறுகியிருக்கு!"